மாமியார் சொல்லும் இரண்டாம் கட்டளை

கேள்வி: நான் கத்தோலிக்கப் பெண். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்ற புராட்டஸ்டண்ட் சபைக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். கல்யாணத்துக்கு அம்மா தந்த மாதா சுரூபத்தைக் கூடத்தில் வைத்தேன். "இது விக்கிரகம். உங்கள் சபையில், சிலை செய்யாதே என்ற இரண்டாம் கட்டளையையே எடுத்துவிட்டார்கள்" என்கிறார் மாமியார். என்ன பதில் சொல்வது?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: மகளே, முதலில் அந்தக் குற்றச்சாட்டைப் பார்ப்போம். கட்டளைகள் பத்து என்று வேதம் சொல்கிறது, ஆனால் ஒன்று, இரண்டு என்று எண் போடவில்லை. புனித அகுஸ்தீனார் வழியில் நாம் சிலை பற்றிய வசனத்தை முதல் கட்டளைக்குள் சேர்த்து, கடைசியில் வரும் ஆசையை, பிறர் மனைவி மேல் ஆசை, பிறர் பொருள் மேல் ஆசை என்று இரண்டாகப் பிரிக்கிறோம். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு வழிவந்த லுத்தரன் சபையாரும் இப்படித்தான் எண்ணுகிறார்கள். சிறுவர்களுக்கு விசுவாசம் கற்பிக்கும் ஞானோபதேசத்தில் மனப்பாடத்துக்காகச் சுருக்கியபோது அந்த வசனம் கண்ணில் படாமல் போனது. மாமியாருக்குச் சந்தேகம் வந்தது நியாயம்தான். நம் பைபிளில் விடுதலைப் பயணம் 20-ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டுங்கள், வசனம் அப்படியே இருக்கிறது.

இன்னொன்றையும் யோசியுங்கள். அவர் சிறுவயது முதல் வாசித்த பழைய மொழிபெயர்ப்பில் "ஒரு சொரூபத்தையாகிலும்" உண்டாக்க வேண்டாம் என்றிருக்கிறது. நாம் மாதாவுக்குச் சொல்லும் அதே சொல்! "சுரூபம்" என்று நீங்கள் பாசமாகச் சொல்லும்போது அவர் காதில் கட்டளைதான் ஒலிக்கும்.

ஆனால் வசனம் அங்கே நிற்கவில்லை. "நீ அவைகளை நமஸ்கரிக்கவும் சேவிக்கவும் வேண்டாம்" என்று தொடர்கிறது. அதே புத்தகம் 25-ஆம் அதிகாரத்தில் உடன்படிக்கைப் பெட்டியின் மூடிமேல் பொன்னால் இரண்டு கெருபுகளை, அதாவது சிறகுள்ள வானதூதர் உருவங்களைச் செய்யச் சொல்கிறவரும் ஆண்டவர்தான். பாலைவனத்தில் வெண்கலப் பாம்பைச் செய்யச் சொன்னதும் அவரே. 787-ல் கூடிய ஆயர்களின் இரண்டாம் நிசேயா பொதுச்சங்கமும் இதைத்தான் பிரித்துச் சொன்னது: சுரூபத்துக்குக் காட்டும் வணக்கம் அது குறிக்கும் ஆளைச் சேரும், ஆராதனை கடவுளுக்கு மட்டுமே.

சரி, இதோடு வாதத்தில் ஜெயித்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். அந்தப் பாம்புக்குப் பிறகு என்ன ஆனது? ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டத் தொடங்கினார்கள். எசேக்கியா அரசர் அதை உடைத்துப் போட்டார், மோசே செய்தது என்றும் பார்க்கவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் அம்மா ஞாபகம்.

எங்கள் வீட்டில் ஒரு முழ உயரத்தில் மாதா சுரூபம். வலது கைவிரல் நுனி உடைந்து உள்ளே வெள்ளைச் சுண்ணாம்பு தெரியும். சனிக்கிழமைதோறும் அம்மா ஈரத்துணியால் துடைத்து மல்லிகை வைப்பாள். அண்ணன் கடலுக்குப் போன ஒரு நாள் காற்று கிளம்பிவிட்டது. அம்மா ஜெபமாலை சொன்னாள், அழுதாள், அப்புறம் எழுந்து சுரூபத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். "என் பிள்ளை கரையேறினால்தான் உன் முகத்தைப் பார்ப்பேன்." விடியற்காலை வள்ளம் வந்தது, அண்ணன் வந்தான். ஆனால் அந்த இரவு அவள் பேசியது மாதாவிடமா, சுண்ணாம்பிடமா? முப்பது வருடம் உபதேசியாராக இருந்த எனக்கு, சுண்ணாம்பிடம்தான் என்று சொல்ல மனம் வலிக்கிறது. ஆனால் அதுதான் உண்மை. மாமியார் பயப்படுவது இதற்குத்தான்.

அதனால் சுரூபத்தைக் கூடத்திலிருந்து உங்கள் அறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கூடம் அவருடையதும்தான். இரவு குடும்ப ஜெபத்தில் அவர் பக்கத்தில் உட்காருங்கள், அவர் பாடும் கீர்த்தனையைச் சேர்ந்து பாடுங்கள். சுரூபத்தைத் தூக்கி எறியச் சொன்னால் மட்டும், "இது எங்கள் அம்மா கையால் தந்தது, நான் இதை ஆராதிக்கவில்லை" என்று மெதுவாகச் சொல்லுங்கள். அவரும் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்தவராக இருந்தால் அந்த முதல் பாதி போதும்.