மாநாட்டு விருந்தினருக்கு மதுரையில் எங்கே இரவுச் சாப்பாடு?

கேள்வி: எங்கள் கல்லூரியில் ஜனவரியில் மூன்று நாள் கருத்தரங்கம். வெளியூரிலிருந்து அறுபது பேர் வருகிறார்கள். பாதிப் பேருக்கு மதுரை புதிது. காலையும் மதியமும் கல்லூரியிலேயே சாப்பாடு. இரவுக்கு நல்ல உணவகங்களைப் பட்டியலிட்டு, அச்சடித்துப் பையில் வைக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. எவற்றைச் சேர்க்கலாம்?
- உதவிப் பேராசிரியை ஒருவர், மதுரை

பதில்: கடையின் பெயரை எழுதும்முன் பொழுதை எழுதுங்கள். இந்த ஊரில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு வேளை உண்டு. வேளை தப்பினால் எவ்வளவு நல்ல கடையும் கைகொடுக்காது.

பட்டுத் தெரிந்துகொண்டவள் நான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் வரவேற்புக் குழுவில் இருந்தேன். நிறைவு அமர்வு இழுத்துக்கொண்டே போய், பதினான்கு பேரோடு ஒரு மெஸ் வாசலில் போய் நின்றபோது மணி மூன்றேகால். உள்ளே குழம்புச் சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அசாமிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், நம் ஊர் மீன் குழம்பைப் பற்றி முதல் நாளிலிருந்தே விசாரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு முட்டை பப்ஸும் தேநீரும் வாங்கிக் கொடுத்து ரயிலேற்றினேன். இன்றும் மனம் உறுத்துகிறது.

ஆகவே, அயிரை மீன் குழம்பை இரவுப் பட்டியலில் போடாதீர்கள். அது மதியச் சோற்றோடு சேர்ந்தது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீன். உயிரோடு வாங்கி, பாலில் நீந்தவிட்டு, வயிற்று மண்ணைக் கக்க வைத்த பிறகே புளிக்குழம்பில் போடுவார்கள். முள்ளோடு மென்று தின்னலாம். கடைசி நாள் மதியம் மட்டும் விருந்தினரை வெளியே விட முடியுமா என்று பாருங்கள். தல்லாகுளத்தில் அழகர்கோவில் சாலையில் இருக்கும் அம்மா மெஸ்ஸுக்கு ஒரு மணிக்குள் போய்விட வேண்டும்.

இரவென்றால் கறிதோசை. சிம்மக்கல் கோனார் கடையைத் தயங்காமல் எழுதுங்கள். கல்லில் கனமாக மாவை ஊற்றி, முட்டையைப் பரப்பி, சுண்ட வெந்த கொத்துக்கறியை அதன்மேல் அள்ளிப் போட்டுத் திருப்புவார்கள். அந்தச் சத்தத்தையும் வாசனையையும் கல்லருகே நின்று அனுபவிக்கட்டும். ஒருவருக்கு ஒன்றே வயிறு நிறைந்துவிடும் என்பதையும் எழுதிவிடுங்கள். தெரியாமல் இரண்டு சொல்லி மீதம் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சைவர்களுக்கு மேலமாசி வீதி முருகன் இட்லிக் கடை. அதற்குச் சென்னையிலும் கிளைகள் உண்டு என்றாலும் பிறந்த ஊர் மதுரைதான். இலையில் சட்னிகள் வரிசையாக விழும். பொடியும் நல்லெண்ணெயும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஆனால் வடக்கிலிருந்து வரும் சமணர்களில் பலர் வெங்காயம், பூண்டு தொடமாட்டார்கள். பதிவுப் படிவத்திலேயே அதற்கு ஒரு வரி சேர்த்துவிட்டால், வந்த இடத்தில் அவர்கள் சாம்பாரை முறைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்காது.

சாப்பிட்டு முடித்தவர்கள் விளக்குத்தூண் பக்கம் நடக்கட்டும். ஜிகர்தண்டா அங்கேதான். பாதாம் பிசின், நன்னாரி, சுண்டக் காய்ச்சிய பால், மேலே ஐஸ்கிரீம். பனிக்கு ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தள்ளுவண்டியில் சுடச்சுடப் பருத்திப்பால் கிடைக்கும். சுக்கும் வெல்லமும் தொண்டைக்கு இதம். மூன்று நாள் மேடையில் பேசியவர்களுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

தேதியை இன்னொரு முறை பாருங்கள். பொங்கலை ஒட்டி வந்தால் பல மெஸ்களில் சமையல்காரர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக் கூட்டமும் அப்போதுதான் சேரும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு கடைக்கும் நீங்களே நேரில் போய் விசாரித்துவிடுங்கள்.

1981 ஜனவரியில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு இங்கே நடந்தபோது நான் மாணவி. வெளிநாட்டிலிருந்து வந்த ஓர் அம்மையாரை இட்லிக் கடைக்கு அழைத்துப் போனேன். அவர் கட்டுரை எதைப் பற்றியது என்பது மறந்துவிட்டது. இலையை எந்தப் பக்கம் மடிப்பது என்று அவர் என்னைக் கேட்டது மறக்கவில்லை. அச்சடித்த தாளிடம் அதையெல்லாம் கேட்க முடியாது. அறுபது பேரையும் பேருந்தில் ஏற்றி ஒரே கடையில் இறக்காமல், ஐந்தைந்து பேராகப் பிரித்து, குழுவுக்கு ஒரு மாணவரைத் துணை அனுப்புங்கள். அவருடைய ஆட்டோ செலவும் சாப்பாட்டுச் செலவும் கல்லூரிக் கணக்கில் இருக்கட்டும். சைவம் சாப்பிடும் பிள்ளையைக் கறிதோசைக் குழுவோடு அனுப்பிவிடாதீர்கள்.