ஆர்எஃப்ஐடி டேக் (ரேடியோ அலையால் படிக்கும் அடையாளச் சில்லு) ஒட்டினால் போலி மருந்தைத் தடுக்க முடியுமா?

பெருமளவு தடுக்கலாம். ஆனால் டேக்கை விட முக்கியம், அதன் பின்னால் இருக்கும் பதிவேடு.

உற்பத்தியாளர் ஒவ்வொரு பாட்டிலிலும் தனி எண் கொண்ட சிறு சில்லை ஒட்டுகிறார். அதற்கு பேட்டரி தேவையில்லை. ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே சக்தி எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும். பெட்டியைப் பிரிக்காமலே படிக்கலாம். மொத்த வியாபாரி, மருந்துக்கடை என்று கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் அந்த எண் பதிவாக வேண்டும். யாராவது சில்லை நகலெடுத்தால் ஒரே எண் இரண்டு ஊர்களில் தலைகாட்டும். அங்கேதான் போலி மாட்டும். இடையில் ஒருவர் பதியாமல் விட்டாலும் இந்தச் சங்கிலி அறுந்துவிடும்.

அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2004-இல் இந்த முறையை ஊக்குவித்தது. 2007-க்குள் பரவலாகும் என்றும் எதிர்பார்த்தது. ஃபைசர் நிறுவனம் வயாகரா பாட்டில்களில் ஒட்டியது. ஆனால் செலவு இடித்தது. அப்புறம், உலோகமும் திரவமும் பெரிய தொல்லை: அலுமினிய மாத்திரை அட்டை அலையைத் திருப்பிவிடும், சிரப் உறிஞ்சிவிடும். இன்று ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் மருத்துவர் சீட்டில் வாங்கும் பெரும்பாலான மருந்துகளுக்கு, க்யூஆர் போல அச்சிட்ட இருபரிமாணக் குறியீட்டைத்தான் கேட்கின்றன. மலிவான மாத்திரைகளுக்கு அதுவே சரி என்பேன். விலை உயர்ந்த ஊசிமருந்துகளை மொத்தமாகச் சரிபார்க்கும் மருத்துவமனைகளுக்கு ஆர்எஃப்ஐடி நிச்சயம் தகும்.

ஒன்றை மறக்கக் கூடாது. டேக் பாட்டிலை மட்டுமே அடையாளம் காட்டும், உள்ளே இருக்கும் மாத்திரையை அல்ல. காலி பாட்டிலில் போலியை நிரப்புவதைத் தடுக்க, திறந்தால் கிழியும் முத்திரையும் கூடவே வேண்டும்.