கார் ஷெட்டில் தச்சுப் பட்டறை: வெளிச்சம் எங்கிருந்து விழ வேண்டும்?

கேள்வி: பணி ஓய்வு பெற்ற பிறகு, காலியாகக் கிடந்த கார் ஷெட்டைத் தச்சு வேலைக்கான பட்டறையாக மாற்றியிருக்கிறேன். அளவு 10 அடிக்கு 18 அடி. கான்கிரீட் கூரையின் உயரம் 9 அடி. வேலை மேசை பின்சுவரை ஒட்டி இருக்கிறது. கூரையின் நடுவில் ஒரே ஒரு டியூப் லைட் எரிகிறது. மாலையில் பென்சில் கோடே தெரிவதில்லை. அதே இடத்தில் 50 வாட் ஃப்ளட் லைட் ஒன்றை மாட்டிவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். செய்யலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம். உங்கள் பட்டறையில் வெளிச்சம் குறைவு என்பது உண்மைதான் என்றாலும், கோடு தெரியாததற்கு முதல் காரணம் அது அன்று. விளக்கு கூரையின் நடுவிலும் மேசை பின்சுவரிலும் இருப்பதால், நீங்கள் வேலைக்கு நிற்கும்போது விளக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. தலையும் தோளும் போடும் நிழல் மிகச் சரியாக நீங்கள் கோடு கிழிக்கும் இடத்தில் விழுகிறது. அங்கே 50 வாட்டை மாட்டினால் நிழல் விலகாது, இன்னும் கறுப்பாகத் தெரியும். மேலும் ஃப்ளட் லைட்டின் ஒளி உள்ளங்கை அளவு இடத்திலிருந்து புறப்படுவதால் நிழலின் விளிம்பு வெட்டினாற்போல் இருக்கும். நிமிர்ந்து பார்த்தால் கண் கூசும். நான்கடி டியூப் அப்படியன்று. அதன் ஒரு முனையை உங்கள் தலை மறைத்தாலும் மறுமுனையிலிருந்து வரும் ஒளி அந்த நிழலைக் கரைத்துவிடும்.

எத்தனை டியூப் வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். உங்கள் ஷெட்டின் பரப்பு 180 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 17 சதுர மீட்டர். பொதுவான மர வேலைக்கு 300 லக்ஸ் வெளிச்சம் வேண்டும். ஒரு லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமென் ஒளி விழுவது என்பதால், தேவை சுமார் 5,000 லூமென். ஆனால் விளக்கிலிருந்து புறப்படும் ஒளியில் சுவரும் கூரையும் தூசியும் விழுங்கியது போகப் பாதிக்குச் சற்று மேலேதான் வேலை செய்யும் உயரத்துக்கு வந்து சேரும். ஆகவே 8,000 லூமெனுக்குக் குறையாமல் வாங்க வேண்டும். கடையில் கிடைக்கும் 20 வாட் எல்இடி டியூப் ஒன்று ஏறக்குறைய 2,000 லூமென் தருகிறது, நான்கு போதும். அட்டையில் வாட்டை மட்டும் பார்க்காமல் லூமெனையும் படித்துப் பார்த்து வாங்குங்கள். ஒரே வாட்டில் நிறைய வித்தியாசம் இருக்கும்.

இந்த நான்கையும் கூரையின் நடுவே ஒரே வரிசையில் மாட்டச் சொல்வார்கள், ஒயர் மிச்சமாகும் என்பதால். இணங்கிவிடாதீர்கள். இரு பக்கச் சுவர்களிலிருந்தும் இரண்டரை அடி தள்ளி, பக்கத்துக்கு இரண்டாக, நீளவாக்கில் மாட்டினால் அறையின் எந்த மூலையில் நின்றாலும் இரண்டு திசைகளிலிருந்து ஒளி வரும். இவை தவிர, மேசைக்கென்று தனியாக இரண்டு டியூப்களைப் பின்சுவருக்கு இணையாக, அடுத்தடுத்து, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் கூரையில் பொருத்துங்கள். மேசை இரண்டடி அகலம் என்று வைத்துக்கொண்டால், நீங்கள் விளிம்பில் நிற்கும்போது விளக்கு உங்கள் நெற்றிக்கு முன்னால் இருக்கும். நிழல் பின்னால் போய்விடும். மேசையில் மொத்த வெளிச்சமும் 500 லக்ஸை நெருங்கும்.

விளக்கு வாங்கும் முன் வெள்ளையடியுங்கள். கார் ஷெட்டின் சுவர் பெரும்பாலும் புகையும் எண்ணெய்க் கறையுமாக இருக்கும். கூரைக்கும் சுவருக்கும் வெள்ளை பூசினால் இன்னொரு டியூப் மாட்டியது போன்ற பலன் கிடைக்கும்.

ஓய்வு பெற்றவர் என்று எழுதியிருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இருபது வயதில் விழித்திரைக்குச் சென்று சேரும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் சேர்கிறது. எனவே கூரை விளக்குகள் எத்தனை இருந்தாலும், மூலைமட்டம் வைத்துக் கோடு கிழிக்கவும் உளி பிடிக்கவும், வளைந்து கொடுக்கும் கழுத்துள்ள மேசை விளக்கு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வலக்கைப் பழக்கம் உள்ளவர் என்றால் அதை இடப்பக்கம் வையுங்கள். அதே விளக்கை உப்புத்தாள் போட்டு முடித்த பலகையின் ஓரத்தில், பலகையோடு ஒட்டினாற்போல் தாழ்த்திப் பிடித்துப் பாருங்கள். மேலிருந்து பார்த்தபோது வழவழப்பாகத் தெரிந்த பரப்பில், இழைப்புளியின் தடமும் குறுக்கே இழுத்த கீறல்களும் உழுத வயல் போலத் தெரியும். வார்னிஷ் பூசிய பிறகு அவற்றைக் கண்டு வருந்துவதைவிட இது நல்லது.

கேள்வி: என் பட்டறையில் கடைசல் இயந்திரம் ஓடும்போது மரத்தைக் கவ்விப் பிடித்துச் சுழற்றும் அதன் சக் சில நேரம் நின்றுவிட்டது போலவும், மெல்லப் பின்னோக்கிச் சுழல்வது போலவும் தெரிகிறது. கண்ணில் கோளாறா?
– வாசகர், கோவை

பதில்: கண்ணில் இல்லை, விளக்கில். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு முறை உச்சம் தொடுவதால், மின்சாரத்தைச் சமப்படுத்தும் டிரைவர் சரியில்லாத மலிவு விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். இயந்திரம் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றினால் நொடிக்கு 25 சுற்று. அதாவது ஒரு சுற்றுக்குள் விளக்கு நான்கு முறை மினுக்கிவிடும். சக்கில் நான்கு தாடைகள் இருந்தால், ஒவ்வொரு மினுக்கலிலும் ஒரு தாடை இருந்த இடத்துக்கு அடுத்த தாடை வந்து நிற்கும். கண்ணுக்கு எதுவும் நகராது. வேகம் சற்றே குறைந்தால் பின்னோக்கிச் சுழல்வது போலத் தோன்றும். நின்றுவிட்டது என்று கையை நீட்டினால் விரல் போய்விடும் என்பதால், இதை விந்தையாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

சோதிப்பது எளிது. இரவில் அந்த விளக்கு ஒன்றை மட்டும் எரியவிட்டு, பென்சிலை விசிறி போல வேகமாக ஆட்டுங்கள். மங்கலான ஒரே பட்டையாகத் தெரிந்தால் விளக்கு நல்லது. தனித்தனிப் பென்சில்களாக எண்ண முடிந்தால் அதை மாற்றிவிடுங்கள். கைபேசிக் கேமராவை அருகே பிடித்தால் திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடுவதும் அதே கோளாற்றின் அடையாளம்தான். விளக்குக்குக் கீழே சீலிங் ஃபேன் இருந்தாலும் இறக்கைகளின் நிழல் மேசையில் துடிக்கும். பட்டறைக்குச் சுவர் ஃபேனே ஏற்றது.

கேள்வி: தேக்கு நாற்காலிக்குப் பட்டறையில் பார்த்துப் பார்த்துப் பாலிஷ் போட்டேன். ஹாலில் கொண்டுபோய் வைத்தால் செம்மண் நிறமாகத் தெரிகிறது.
– வாசகி, மதுரை

பதில்: உங்கள் பட்டறையில் எரிவது நம் ஊரில் எல்லோரும் விரும்பி வாங்கும் 6500 கெல்வின் நீலவெள்ளை விளக்காகவும், ஹாலில் எரிவது 3000 கெல்வின் மஞ்சள் விளக்காகவும் இருக்கும் என்று நினைக்கிறேன். நீலம் மிகுந்த ஒளியில் தேக்கின் சிவப்பு அடங்கிவிடுவதால், கை தானாகவே பாலிஷில் சிவப்பைக் கூட்டிவிடும். பாலிஷ் போடும் இடத்தில் 4000 கெல்வின் விளக்கை மாட்டுங்கள். அட்டையில் சிஆர்ஐ என்று ஓர் எண் இருக்கும். நிறங்களை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதன் அளவு அது. அறுப்பதற்கும் இழைப்பதற்கும் 80 போதும், நிறம் பார்க்க 90 வேண்டும். அப்போதும், அதே தேக்கின் துண்டு ஒன்றில் பூசி, ஹாலில் இரவிலும் ஜன்னல் ஓரம் பகலிலும் பார்த்துவிட்டு நாற்காலியைத் தொடுங்கள். மழை பெய்த மாலையில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வார்னிஷ் பூசாதீர்கள். வெள்ளை விளக்கைத் தேடி வந்த ஈசல்களின் இறகுகள் என் வீட்டு அலமாரிக் கதவில் இன்றும் இருக்கின்றன.

கேள்வி: ஒயரிங்கில் கவனிக்க வேண்டியது என்ன? கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்.
– வாசகர், ஈரோடு

பதில்: விளக்குக்கும் இயந்திரங்களுக்கும் தனித்தனி எம்சிபி (மின்சுமை மிகுந்தால் தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) வையுங்கள். ரம்பம் மரத்தில் சிக்கி எம்சிபி விழும்போது விளக்கும் அணைந்தால், இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் பல்லுக்கு அருகில் இருட்டில் நிற்பீர்கள். அதே காரணத்துக்காக ஒரு விளக்கையாவது இன்வெர்ட்டரில் இணையுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் சரியான எர்த்தும் கட்டாயம். ஆஸ்பெஸ்டாஸில் துளை போடாதீர்கள், அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு. ஷீட்டைத் தாங்கும் இரும்புக் குழாயில் கிளாம்ப் மாட்டிச் சங்கிலியில் விளக்கைத் தொங்கவிடுங்கள். மரத்தூள் புகாதபடி மூடிய, ஐபி65 என்று குறித்த டியூப்களை வாங்கினால், மாதம் ஒரு முறை மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் துணியால் துடைத்தாலே போதும்.