அமெரிக்கப் புறநகர்களில் தீயணைப்பு வீரர்களுக்குச் சம்பளமே கிடையாது என்கிறார்களே, உண்மையா? அந்த வழக்கம் எப்படி வந்தது?

பல ஊர்களில் உண்மைதான். நேரில் பார்க்கும்வரை நானும் நம்பவில்லை.

பென்சில்வேனியா மாநிலத்தில், ஃபிலடெல்ஃபியா நகருக்கு மேற்கே ஒரு புறநகரில் குடியிருந்தோம். ஒரு நாள் இரவு, வீட்டின் அடித்தளத்தில் இருந்த துணி உலர்த்தும் டிரையரின் குழாயில் பஞ்சு அடைத்துத் தீப்பிடித்துவிட்டது. 911-ஐ அழைத்துவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினோம். முதலில் வந்தது தீயணைப்பு வண்டி இல்லை, கூரையில் நீல விளக்கு மின்னும் ஒரு சாதாரண கார். பின்னாலேயே வண்டி வந்தது. அரை மணி நேரத்தில் தீ அடங்கியது. அவர்களில் ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றியபோது மகள்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டாள். அவளுடைய பள்ளிப் பேருந்தின் ஓட்டுநர்! கிளம்பும்போது, “காலையில் பஸ் வழக்கமான நேரத்துக்கு வந்துவிடும்” என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்கு பில் எதுவும் வரவில்லை. சில மாதம் கழித்து நன்கொடை கேட்டு ஒரு கடிதம் மட்டும் வந்தது. அன்றிலிருந்துதான் இவர்களுடைய கதையைத் தேடித் தேடிப் படித்தேன்.

இவர்கள் தங்கள் அமைப்பை ‘ஃபயர் கம்பெனி’ என்பார்கள். வணிக நிறுவனம் என்று நினைத்துவிட வேண்டாம். பட்டாளத்தில் கம்பெனி என்கிறோமே, அந்தப் பொருளில் ஒரு குழு. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1736 டிசம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிய யூனியன் ஃபயர் கம்பெனி இதற்கெல்லாம் முன்னோடி. சுமார் 30 பேர். ஒவ்வொருவரும் தண்ணீர் இறைக்கத் தோல் வாளிகளும், எரியும் வீட்டிலிருந்து சாமான்களை அள்ளிவரப் பைகளும் கூடைகளும் தயாராக வைத்திருக்க வேண்டும். மாதம் ஒருமுறை கூடித் தீயைப் பற்றிப் பேசுவார்கள். வராதவர்கள் அபராதம் கட்டுவார்கள், அந்தப் பணத்தில் ஏணியும் பம்பும் வாங்குவார்கள். சேர விரும்பியவர்கள் அதிகமானபோது, “நீங்களே இன்னொன்று தொடங்குங்கள்” என்று சொல்லிவிட்டார்கள். ஒரே ஊரில் பல கம்பெனிகள் இருக்கும் வழக்கம் அங்கிருந்தே தொடங்குகிறது.

வீட்டுச் சுவரில் காப்பீட்டு நிறுவனத்தின் உலோகச் சின்னம் இல்லாவிட்டால் தீயை அணைக்காமல் திரும்பிவிடுவார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. ஃபிலடெல்ஃபியாவைப் பொறுத்தவரை அது சரியல்ல. அங்கே அணைத்தவர்கள் காப்பீட்டு நிறுவனத்தின் ஆட்கள் அல்ல, ஊர்க்காரர்கள்.

ஆனால் இந்த வரலாறு முழுக்கப் பெருமைப்படத்தக்கது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1818-ல் அந்த நகரின் கறுப்பின மக்கள் தங்களுக்கென ஒரு தீயணைப்புச் சங்கம் தொடங்கியபோது, வெள்ளையர் கம்பெனிகள் எதிர்த்து நின்று அதைக் கலைய வைத்தன. அடுத்த சில பத்தாண்டுகளில் கம்பெனிகள் இனம், மதம், கட்சி என்று பிரிந்தன. யார் முதலில் தண்ணீர்க் குழாயைப் பிடிப்பது என்று தெருவில் அடித்துக்கொண்டார்கள், எரிகிற வீடு எரிந்துகொண்டே இருந்தது. பிறகு நீராவிப் பம்புகள் வந்தன. கையால் பம்படிக்கப் பெருங்கூட்டம் தேவைப்படவில்லை. சின்சினாட்டி 1853-லேயே சம்பளப் படைக்கு மாறிவிட்டது. ஃபிலடெல்ஃபியா 1871-ல் மாறியது.

எனக்கு வியப்பு தருவது இதற்கு அடுத்த பகுதி. நகரம் கைவிட்டதைப் புறநகர்கள் புதிதாகக் கையில் எடுத்தன. பென்சில்வேனியா ரயில்பாதையை ஒட்டி, மெயின் லைன் என்று இன்றும் அழைக்கப்படும் பகுதியில், வீடுகள் பெருகின. நகரத்து வண்டி வந்து சேர்வதற்குள் வீடு சாம்பலாகிவிடும். சம்பளப் படை வைக்க அங்கே வரிப்பணம் போதாது. ஆர்ட்மோரில் 1889-ல் மெரியன் ஃபயர் கம்பெனி, பிரின் மாரில் 1903-ல் ஒன்று, வெய்னில் 1906-ல் ராட்னர் ஃபயர் கம்பெனி. ராட்னர்காரர்கள் தொடங்கிய அதே ஆண்டில் வாட்டரஸ் நிறுவனத்தின் பெட்ரோல் வண்டியை வாங்கினார்கள். அதில் இரண்டு இன்ஜின்: ஒன்று வண்டியை ஓட்ட, மற்றது பம்பை இயக்க. பெருநகரங்களே குதிரைகளை நம்பியிருந்த காலம் அது! அமெரிக்காவின் முதல் மோட்டார் தீயணைப்பு வண்டிகளில் அதுவும் ஒன்று.

அந்தக் காலத்தில் பல ஊர்களில் ரயில் இன்ஜின் சக்கரத்தின் இரும்பு வளையத்தைத் தொங்கவிட்டுச் சம்மட்டியால் அடிப்பார்கள். அதுதான் அபாய மணி. சத்தம் கேட்டதும் கடையை, பட்டறையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவருவார்கள். வேலையும் வீடும் ஒரே ஊரில் இருந்ததால்தான் அது முடிந்தது. இன்று சிக்கலே அங்கேதான். பகலில் பாதி ஊர் வேறெங்கோ வேலையில் இருக்கிறது. வாடகை ஏறி, இளைஞர்கள் ஊரை விட்டே போகிறார்கள். தொடக்கப் பயிற்சிக்கே 150 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. 1970-களில் பென்சில்வேனியாவில் சுமார் 3 லட்சம் தன்னார்வலர்கள் இருந்தார்கள் என்றும், 2018-ல் அது சுமார் 38,000 ஆகிவிட்டது என்றும் மாநிலச் சட்டமன்றம் அமைத்த குழு சொன்னது. பகல் நேரத்துக்கு மட்டும் சம்பளத்துக்கு ஆள் வைக்கும் ஊர்கள் இப்போது நிறைய.

பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். உள்ளூராட்சி கொஞ்சம் தரும். வெளிமாநில நிறுவனங்களின் தீக் காப்பீட்டுப் பிரீமியத்தில் 2 சதவீதம் வரியாகப் பிடித்து, அதில் ஒரு பங்கை மாநிலம் தரும். மீதிக்கு பான்கேக் காலை உணவு, தம்போலா மாதிரியான பிங்கோ விளையாட்டு, கல்யாணத்துக்கு ஹால் வாடகை. இந்த வேலைகளைப் பல காலம் சுமந்தவர்கள் பெண்கள் துணைக்குழுவினர். பழைய படங்களில் வண்டிக்கு முன்னால் மீசை முறுக்கி நிற்கும் ஆண்கள்தான் இருப்பார்கள். அந்த வண்டிக்குப் பணம் சேர்த்தவர்களைப் படத்தில் காணோம்.

எனக்கு ஆஸ்துமா. புகைக்குள் போக முடியாது. கணக்கு எழுத ஆள் வேண்டும் என்றார்கள், நான்கு ஆண்டுகள் எழுதினேன். தீக்குள் போகிறவர் அணியும் உடைக்கு 10 ஆண்டுதான் ஆயுள், அதன்பின் புதிதாக வாங்கியே ஆக வேண்டும். முதல் முறை அந்த விலையைப் பேரேட்டில் பதிந்தபோது, அதற்கு எத்தனை தட்டு பான்கேக் விற்றிருப்போம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை விற்பனை அந்த ஒரே உடைக்குப் போயிருந்தது.