50 கோல்டும் போச்சு, யூனிட் வரலை: ஆட்டோ பேட்லர் கேள்வி பதில்

டீம்ஃபைட் டாக்டிக்ஸ் (டிஎஃப்டி) என்ற ஆட்டோ பேட்லர் வீடியோ கேமை அது 2019 ஜூனில் வந்த நாளிலிருந்து ஆடுகிறேன். 8 பேர், ஆளுக்கொரு ஷாப், வாங்கிய யூனிட்களைப் பலகையில் நிறுத்தினால் சண்டை தானாக நடக்கும். "எல்லாம் லக்குதான்" என்று அலுத்துக்கொண்டு வந்த கேள்விகள் இவை.

மழைக்காகம்: ப்ரோ, லெவல் 8-ல் 50 கோல்டையும் ரீரோலில் (காசு கொடுத்து ஷாப்பைப் புதிதாக மாற்றுவதில்) போட்டேன். வேண்டிய 4 கோல்ட் விலை யூனிட் ஒன்றுகூட வரவில்லை. கேம் ஏமாற்றுகிறதா?

ஏமாற்றவில்லை, கணக்கே அப்படித்தான். செட்டுக்கு செட் (யூனிட்கள் மாறும் ஒவ்வொரு பதிப்புக்கும்) எண்கள் மாறும் என்பதால் ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். லெவல் 8-ல் ஷாப்பின் ஒரு கட்டத்தில் 4 கோல்ட் யூனிட் வர 22% வாய்ப்பு. அந்த விலையில் 12 வகை, வகைக்கு 10 பிரதி. ஒரு ரீரோலுக்கு 2 கோல்ட், 5 கட்டம்; 50 கோல்டுக்கு 25 ரீரோல், அதாவது 125 கட்டங்கள். ஒரு குறிப்பிட்ட யூனிட்டுக்காக இப்படி உருட்டினால், பத்தில் ஒருவருக்கு ஒன்றுகூட வராது.

இந்தப் பிரதிகள் எட்டுப் பேருக்கும் பொது. இன்னும் 2 பேர் அதே யூனிட்டில் ஆளுக்கு 3 வைத்திருந்தால் மிச்சம் 4 தான். இப்போது ஒன்றும் வராமல் போகும் வாய்ப்பு 38%. நீங்கள் லக் என்று சொல்வதில் பெரும்பங்கு அந்த 10-க்கும் 38-க்கும் இடையில்தான் இருக்கிறது. உருட்டுவதற்கு முன் எதிராளிகளின் பலகையைப் பார்த்திருந்தால் அது தெரிந்திருக்கும்.

இன்னொன்று. யாரும் கை வைக்காத மூன்று யூனிட்களில் எது வந்தாலும் அதைவைத்து ஆட முடியும் என்று டீமை அமைத்திருந்தால், 20 கோல்டுக்குள்ளேயே ஏதாவது ஒன்று வர 94% வாய்ப்பு. ஒரே பெயரில் எல்லாவற்றையும் கட்டாதீர்கள்.

மழைக்காகம்: எதிராளிகளின் பலகையை ஸ்கவுட் பண்ண நேரமே கிடைப்பதில்லையே?

சண்டை ஓடும்போது பாருங்கள். அப்போது உங்கள் பலகையில் செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. பெஞ்சையும் (பலகைக்கு வெளியே யூனிட்கள் காத்திருக்கும் இடம்) சேர்த்துப் பாருங்கள், அங்கே கிடப்பதும் பொதுக் குவியலிலிருந்து போனதுதான். ஒருவர் தோற்று வெளியேறினால் அவருடைய யூனிட்கள் குவியலுக்குத் திரும்பிவிடும். அதுவரை தாக்குப்பிடிக்க முடிந்தால் காத்திருந்து உருட்டுவது நல்லது.

கல்தூண்: அண்ணா, எனக்கு மட்டும் தப்பான ஐட்டமே வருகிறது.

ஆரம்ப காலத்தில் இது நியாயமான புகார். அரக்கர்களை அடித்தால் ஒருவருக்கு யூனிட்டில் மாட்டும் ஐட்டம் கொட்டும், இன்னொருவர் வெறுங்கையோடு நிற்பார். பிறகு அதைச் சமன்படுத்திவிட்டார்கள். கரோசலிலும் (ஐட்டத்தோடு சுற்றிவரும் யூனிட்களில் ஆளுக்கொன்று எடுக்கும் சுற்று) உயிர் குறைந்தவர்களுக்கு முதல் தேர்வு. முதல் இரண்டு ஐட்டத்தைப் பார்த்த பிறகு டீமை முடிவுசெய்யுங்கள். டீமை முடிவுசெய்துவிட்டு ஐட்டத்துக்காகக் காத்திருந்தால் கடுப்புதான் மிஞ்சும்.

சிறுபட்டறை: நானே ஒரு சின்ன ஆட்டோ பேட்லர் எழுதுகிறேன். ஆடிப் பார்த்தவர்கள் "நியாயமே இல்லை" என்கிறார்கள். ரேண்டத்தை எடுத்துவிடலாமா?

எடுத்துவிடாதீர்கள், நாலு நாளில் எல்லோரும் ஒரே டீமை ஆடுவார்கள். பகடை எப்போது விழுகிறது என்பதைக் கவனியுங்கள். முடிவெடுப்பதற்கு முன்னால் விழுந்தால், ஷாப்பில் வந்ததை வைத்து ஏதாவது செய்யலாம். முடிவெடுத்த பிறகு விழுந்தால் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஆத்திரம் வருவது பெரும்பாலும் இரண்டாவதில். முடிந்தவரை பகடையை முன்னால் நகர்த்துங்கள். 2021 நவம்பரில் டிஎஃப்டியில் வந்த ஆக்மெண்ட் (டீமுக்குக் கிடைக்கும் கூடுதல் பலன்) நல்ல உதாரணம். மூன்று காட்டி ஒன்றை எடுக்கச் சொல்கிறது, வெள்ளியோ தங்கமோ, தரம் எட்டுப் பேருக்கும் ஒன்றே.

சண்டைக்குள் ரேண்டம் வேண்டுமென்றால் ஆட்டக்காரர் கையில் ஒரு பிடி கொடுங்கள். ஹார்த்ஸ்டோன் பேட்டில்கிரவுண்ட்ஸில் அடி யார்மேல் விழும் என்பது ரேண்டம்தான். ஆனால் டான்ட் (எதிரி முதலில் தன்னையே அடிக்க வைக்கும் திறன்) உள்ள மினியனை, அதாவது யூனிட்டை, நிறுத்தினால் அடியை அதன் பக்கம் திருப்பலாம்.

கிரிட்டிகலுக்கு (சில அடிகள் மட்டும் வழக்கத்தைவிடப் பலமாக விழுவது) டோட்டா 2 கேமின் வழியைப் பாருங்கள். 25% என்று எழுதியிருந்தாலும் முதல் அடிக்கு ஏறக்குறைய 8.5% தான். தவறத் தவற அதே அளவு கூடிக்கொண்டே போகும், விழுந்ததும் பழைய இடத்துக்குத் திரும்பும். சராசரி 25% தான், ஆனால் 12 அடிக்குள் ஒன்று கட்டாயம் விழும். சாதாரண 25%-ல் 12 அடியும் தவறுவது நூற்றில் 3 முறை நடக்கும், அந்த மூன்று பேர்தான் உங்களுக்குக் கோபமாக எழுதுகிறவர்கள்.

எட்டாமிடம்: நண்பர்கள் 8 பேர் சேர்ந்து போட்டி வைக்கிறோம். ஒரே ஃபைனல் போதுமா?

போதாது. ஒரு ஆட்டத்தில் யாரும் எட்டாவது ஆகலாம். குறைந்தது 5 ஆட்டம் வையுங்கள், முதலிடத்துக்கு 8 புள்ளி, கடைசிக்கு 1. உலகப் போட்டி ஃபைனலில் வைத்த செக்மேட் முறையில், குறிப்பிட்ட புள்ளியைத் தொட்ட பிறகு ஒரு ஆட்டத்தை வென்றால்தான் பட்டம். பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் எத்தனை ஆட்டத்தில் முடியும் என்று சொல்ல முடியாது. ஒரே சாயங்காலத்தில் முடிக்க நினைத்தால் புள்ளிக் கூட்டலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சமன் வந்தால் முதலிடங்கள் யாருக்கு அதிகம் என்று பாருங்கள், இதை முதல் ஆட்டத்துக்கு முன்னாடியே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.