மின்கம்ப ஆய்வைக் காகிதத்திலிருந்து மொபைல் செயலிக்கு மாற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் வேலை, ஒவ்வொரு கம்பத்துக்கும் நிரந்தர எண். ஜிபிஎஸ் புள்ளியையே அடையாளமாக வைத்தால் சிக்கல்தான். திறந்தவெளியிலேயே மொபைல் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் தள்ளிக் காட்டும். கட்டடங்களுக்கு நடுவே இன்னும் மோசம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கம்பம் நின்றால், ஒன்றின் பழுது மற்றதன் கணக்கில் ஏறிவிடும். கியூஆர் தகடு அடித்து, அதை ஸ்கேன் செய்தால்தான் படிவம் திறக்கும்படி வையுங்கள்.

படிவத்தில் 'பரவாயில்லை' என்று எழுத இடமே தரக்கூடாது. விரிசல், கான்கிரீட்டுக்குள்ளிருந்து துருப்பிடித்து வெளியே தெரியும் கம்பி, உடைந்த இன்சுலேட்டர் (மின்சாரம் கம்பத்தில் பாயாமல் தடுப்பது), தளர்ந்த ஸ்டே கம்பி (கம்பம் சாயாமல் இழுத்துப் பிடிப்பது) என்று தேர்வுகளாகக் கொடுங்கள். சாய்வுக்கு, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு பக்கங்களிலிருந்து படம் வேண்டும். சாயும் திசைக்கு நேரே நின்று எடுத்தால் கம்பம் நேராகவே தெரியும்.

சூடேறும் பழுதான இணைப்பைக் கண்டுபிடிக்கும் வெப்பக் கேமராவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பளபளப்பான அலுமினிய இணைப்பு உண்மைச் சூட்டைவிடக் குறைவாகக் காட்டும். எனவே எண்ணை மட்டும் நம்பாமல், அதே கம்பத்தின் மற்ற ஃபேஸ் (மின்சாரம் வரும் மற்றக் கம்பிகள்) இணைப்புகளோடு ஒப்பிடுங்கள். லோடு (கம்பியில் ஓடும் மின்சாரம்) குறைந்த நேரத்தில் இணைப்பு அதிகம் சூடாகாது; அப்போது எடுத்த படத்தால் பெரிய பயனில்லை.

மரக்கம்பம் என்றால் ட்ரோனில் எடுக்கும் படம் மட்டும் போதாது. உளுத்துப்போவது பெரும்பாலும் தரைமட்டத்திலும் அதற்குச் சற்றுக் கீழேயும்தான். அங்கே மண்ணைத் தோண்டி, சுத்தியலால் தட்டி, சந்தேகம் வந்தால் துளையிட்டுப் பார்த்து, மிஞ்சிய நல்ல மரத்தின் தடிமனைச் செயலியில் பதிய வேண்டும்.

சிக்னல் இல்லாத இடத்திலும் செயலி வேலை செய்கிறதா என்று வாங்கும் முன்பே சோதியுங்கள்.