ஓவியம் படிக்கும் மாணவர் நெசவை வைத்து அரூபக் கலை (உருவம் எதையும் காட்டாத கலை) செய்து பார்க்க முடியுமா? தறி இல்லாமல் எப்படித் தொடங்குவது?

தாராளமாக முடியும். நான் சென்னையில் ஓவியம் படிக்கிறேன். கொஞ்ச காலமாக என் வேலையில் பெரும்பகுதி நூலில்தான் நடக்கிறது. நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர்களால் மட்டும்தான் இது ஆகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் வீட்டில் யாரும் தறியில் உட்கார்ந்தது கிடையாது. அது ஒரு தடையே இல்லை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாளில் ஓர் அரூப ஓவியத்தை வரைந்து வைத்துக்கொண்டு, அதை அப்படியே துணியில் ஏற்றப் பார்க்காதீர்கள். பாவும் (நெடுக்கு இழை) ஊடையும் (குறுக்கு இழை) ஒன்றையொன்று கடக்கும் விதத்திலிருந்தே வடிவம் பிறக்கட்டும்.

ஏன் என்று கேட்டால், கான்வாஸ் நமக்குத் தயாராகக் கிடைக்கிறது. அதில் எந்த மூலையிலிருந்தும் தொடங்கலாம், பிடிக்காத இடத்தின் மேல் இன்னொரு பூச்சு பூசலாம். நெசவில் அந்தப் பரப்பையே நாம்தான் கீழிருந்து மேலாக, வரி வரியாகக் கட்டிக்கொண்டு போகிறோம். பத்து வரி கீழே இருக்கும் இடத்தில் கொஞ்சம் சிவப்பு வேண்டும் என்று இப்போது தோன்றினால், அதுவரை பிரித்துத்தான் ஆக வேண்டும். அதோடு, துணியின் எந்தப் புள்ளியை எடுத்தாலும் அங்கே பாவு இழை மேலே இருக்கும், இல்லாவிட்டால் ஊடை இழை மேலே இருக்கும். மூன்றாவது வழி கிடையாது. வளைவான கோட்டை நெய்யப் போனால் அது படிக்கட்டாகத்தான் வரும். வரைந்த படத்தை நகலெடுக்க நினைப்பவருக்கு இதெல்லாம் தொல்லை. நூலோடு சேர்ந்து யோசிப்பவருக்கு இங்கேதான் வேலையே ஆரம்பிக்கிறது.

நிறத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நீலத்தையும் பச்சையையும் தட்டில் குழைத்தால் இரண்டும் போய் மூன்றாவது நிறம் ஒன்று வரும். பாவில் நீலமும் ஊடையில் பச்சையும் கொடுத்து நெய்தால் இரண்டுமே அப்படியே இருக்கும். நம் வீட்டுப் பட்டுப்புடவையின் மயில்கழுத்து நிறம் இப்படித்தான் வருகிறது. நடக்கும்போது ஒரு நிறம், உட்கார்ந்தால் இன்னொரு நிறம். பார்ப்பவர் நகர்ந்தால் படமும் மாறுகிறது. நான் முதலில் செய்து பார்த்ததும் இதைத்தான். ஒரே பாவு, ஆனால் கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை ஊடையின் நிறத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போனேன். பாவு பழுப்பு. அதன் மேல் மஞ்சள் ஊடை போன இடம் சூடாகத் தெரிந்தது. சாம்பல் நிறம் போன இடத்தில் அதே பழுப்பு செத்துப்போனது போல இருந்தது. நிறத்தைப் பற்றி வகுப்பில் கேட்டதைவிட அந்தத் துண்டுத் துணியிடம் நான் கற்றது அதிகம்.

தறிக்கு வருவோம். பழைய படச்சட்டம் ஒன்று போதும். 45க்கு 60 செ.மீ. அளவில் உறுதியான மரச்சட்டமாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். மேல் கட்டையிலும் கீழ்க் கட்டையிலும் அரை செ.மீ. இடைவெளியில் சிறு ஆணிகளை அடியுங்கள். மரம் வெடிக்காமல் இருக்க ஆணிகளை ஒரே கோட்டில் அடிக்காமல் ஒன்றைச் சற்று மேலேயும் அடுத்ததைச் சற்றுக் கீழேயும் அடிப்பது நல்லது. மேல் ஆணிக்கும் கீழ் ஆணிக்கும் இடையே பாவாக இழுத்துக் கட்ட முறுக்கேறிய, அறுந்துபோகாத பருத்தி நூல் வேண்டும். கடையில் நம்பர் சொல்லிக் கேட்பார்கள்: நம்பர் ஏற ஏற நூல் மெலியும். ஆகவே பத்தாம் நம்பர் தடிமன், எண்பது மெல்லியது. தொடங்குபவர்களுக்குத் தடிமனே நல்லது. இழை கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஊடையை அடித்து இறுக்க, சாப்பிடும் முள்கரண்டி போதும்.

எங்களுக்கு முன்னால் இதே இடத்தில் நின்ற மாணவிகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜெர்மனியின் வைமார் நகரில் 1919இல் பௌஹௌஸ் கலைப்பள்ளி தொடங்கியது. ஆண், பெண் பேதம் இல்லை என்றுதான் முதலில் அறிவித்தார்கள். நடைமுறையில் பெண்களைப் பெரும்பாலும் நெசவுப் பட்டறைக்கே அனுப்பினார்கள். 1922இல் சேர்ந்த ஆனி ஆல்பர்ஸ் கண்ணாடிப் பட்டறைக்குப் போகத்தான் ஆசைப்பட்டார், கிடைத்தது நெசவு. அங்கே நெசவு நுணுக்கம் சொல்லிக்கொடுக்கப் போதிய ஆள்கூட ஆரம்பத்தில் இல்லை. குண்டா ஷ்டோல்ஸ்ல் என்ற மாணவி தோழியோடு கிரேஃபெல்ட் ஊருக்குப் போய்ச் சாயம் போடவும் நெய்யவும் கற்று வந்தார். பிறகு 1927 முதல் 1931 வரை அந்தப் பட்டறையை நடத்தியவரும் அவர்தான். ஓவியர் பால் கிளே இந்த மாணவிகளுக்கு வடிவம் பற்றி வகுப்பெடுத்தார். கிளே பலகையில் வரைந்ததைப் பார்த்தபடி அவர்கள் நெய்திருந்தால் கிளேயின் நகல்கள்தான் மிஞ்சியிருக்கும். அவர்கள் அப்படிச் செய்யவில்லை.

ஆனி ஆல்பர்ஸ் 1930இல் பட்டயத்துக்காகச் செய்த வேலையைப் பாருங்கள். பெர்னாவ் ஊரில் கட்டப்பட்ட தொழிற்சங்கப் பள்ளியின் அரங்கத்துக்கான சுவர்த்துணி அது. ஒரு பக்கம் செனீல் என்ற பஞ்சுபோன்ற நூல் ஒலியை உள்வாங்கிக்கொள்ளும். மறுபக்கம் செலோஃபேன் (பளபளக்கும் கண்ணாடித்தாள்) இழை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். உருவம் எதுவும் கிடையாது. துணி என்ன வேலை செய்கிறது என்பதே அதன் அழகாக இருக்கிறது. பிற்காலத்தில் அவர் நெசவைப் பற்றி எழுதிய நூலைப் பழங்காலப் பெரு நாட்டு நெசவாளர்களுக்குச் சமர்ப்பித்தார், அவர்களே தம் ஆசான்கள் என்று. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது அதுதான்.

செலோஃபேன் பற்றிப் படித்த பிறகுதான் நான் கண்ணில் பட்டதையெல்லாம் ஊடையாக விட்டுப் பார்க்கத் தொடங்கினேன். வாழை நார், கயிற்று நார், முறுக்கிய செய்தித்தாள், பால் பாக்கெட்டை நீளமாகக் கத்தரித்த பட்டை, பழைய கேசட் நாடா. இந்தச் சோதனைக்கு ஒரு விதி வைத்துக்கொண்டேன்: எல்லாம் வெள்ளையாகவோ வெளிர் பழுப்பாகவோ இருக்க வேண்டும், கேசட் நாடா ஒன்றுதான் விலக்கு. நிறத்தை எடுத்துவிட்டால் கை பேசத் தொடங்குகிறது. வாழை நார் காய்ந்ததும் விறைத்துத் தன் பக்கமாகத் துணியை இழுத்தது. தாள் இழை உப்பி நின்றது. பௌஹௌஸிலேயே படித்த ஓட்டி பெர்கருக்குக் காது சரியாகக் கேட்காது. துணியைக் கையால் தொட்டு அறிய வேண்டும் என்று அவர் எழுதினார். 1944இல் ஆஷ்விட்ஸில் அவரைக் கொன்றுவிட்டார்கள். அவர் சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டு என் துண்டுகளைத் தடவிப் பார்த்தேன். எந்த இடத்தில் மாற்றம் வருகிறது, எது சும்மா இட்டு நிரப்பியது என்று விரலுக்கு உடனே தெரிந்தது. நீங்களும் செய்து பாருங்கள், நண்பர்களையும் தொடச் சொல்லுங்கள்.

அடுத்தது எல்லைகள். இரண்டு நிறப் பரப்புகள் பக்கத்துப் பக்கத்தில் வரும்போது, ஒவ்வொரு ஊடையும் தன் எல்லையோடு திரும்பிவிட்டால் நடுவில் ஒரு பிளவு விழும். துருக்கி, ஈரான் பக்கத்துக் கிலிம் விரிப்புகளில் இந்தப் பிளவைப் பார்க்கலாம். வெளிச்சம் அதன் வழியாக வரும். அந்த இடத்தில் கோடு வரையத் தேவையே இல்லை, இடைவெளியே கோடு. இதற்கு நேர் எதிரான வழி காஞ்சிபுரத்துக் கோர்வை. ஊடை நூலைச் சுமந்து போகும் ஓடத்தைத் தறியில் நாடா என்பார்கள். புடவையின் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கு இரண்டு நாடா, மொத்தம் மூன்று. ஒவ்வொரு வரியிலும் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் திரும்பும். பக்கத்தில் உதவிக்கு இன்னொருவர் உட்கார்ந்தால்தான் வேலை ஓடும். காஞ்சிபுரத்தில் ஒரு பெரியவரின் குழித்தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்தேன். என் கையில் நாடாவைக் கொடுத்துவிட்டு, “இழுக்காதம்மா, அது வர்ற அளவுக்கு வரட்டும்” என்றார். ஊடையைத் தளர்வாக வில்போல விட்டால்தான் துணி ஓரம் உள்வாங்காது. சட்டத்தில் நெய்யும்போதும் இதே கதைதான். ஓரம் உள்ளே சுருங்குகிறது என்றால் காரணம் நூல் இல்லை, நம் கையின் அவசரம்.

என் சட்டத்தில் ஒரே துண்டில் இரண்டையும் வைத்தேன். ஒரு எல்லை பிளந்து நிற்கும், அடுத்த எல்லை கோர்த்துக்கொண்டு நிற்கும். சிவப்பு, கறுப்பு இரண்டே நிறம். பிரிவும் சேர்க்கையும்தான் அந்தப் படம் முழுக்க.

இப்போது நான் செய்துகொண்டிருப்பது இவை எல்லாவற்றையும்விட எனக்கு நெருக்கமானது. மெட்ராஸ் கட்டம் போட்ட துணி ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீஃப்’ என்ற பெயரில் நெடுங்காலம் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறியது. நைஜீரியாவில், நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் அதை இன்ஜிரி என்கிறார்கள். அந்தப் பெண்கள் வாங்கிய துணியை அப்படியே உடுத்திக்கொண்டு நிற்கவில்லை. ஊசியால் இழையை நெம்பி, பிளேடால் அறுத்து, தேர்ந்தெடுத்த இழைகளை மட்டும் உருவி எடுத்தார்கள். பெரும்பாலும் வெளிர் நிற இழைகள்தான் போகும், அடர்ந்த நிறங்கள் நிற்கும். கட்டம் இருந்த இடத்தில் வலைபோல் மெல்லிய, முற்றிலும் புதிய வடிவம் வந்துவிடும். பெலெத்தே பிதே என்பது அதன் பெயர். மங்கலத்துக்கும் துக்கத்துக்கும் உடுத்தும் மதிப்பான துணி அது. இங்கே ஒருவர் சேர்த்ததிலிருந்து கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் கழித்து, தன்னுடையதாக ஆக்கிக்கொண்டார். எதையும் கூட்டாமல் வடிவம் செய்யலாம் என்று இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குக் காட்டியதில்லை.

நான் கைத்தறிக் கட்டம் போட்ட லுங்கித் துணியை எடுத்துக்கொண்டேன். அறுப்பதற்கு முன்னால் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இழைகளைப் படிக்க வேண்டும்: எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எதை எடுத்தால் எது தளரும். ஊடையை மட்டும் உருவிய இடத்தில் பாவு நெடுக்காக மிதக்கும். இரண்டையும் உருவினால் ஓட்டை. முழு இழையையும் எடுக்காமல் நடுவில் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் எடுத்தால் கட்டம் உடைந்து சிலுவையாகவோ ஏணியாகவோ மாறும். அடர்த்தியான நெசவாக இருந்தால் மிச்ச இழைகள் நகராமல் நிற்கும். மலிவான, தளர்ந்த துணி இதற்கு ஆகாது. மெதுவான வேலை, ஒரு சாயங்காலத்தில் உள்ளங்கை அகலம் முடிந்தால் பெரிது. ஆனால் பென்சிலில் எனக்கு ஒருபோதும் வந்திராத கோடுகள் அங்கே வருகின்றன.

பாவைச் சுதந்திரமாக விடுவது பற்றியும் ஒரு வார்த்தை. மும்பையைச் சேர்ந்த மோனிகா கொரேயாவின் வேலைகளைத் தேடிப் பாருங்கள். தறியில் பாவு இழைகளைப் பிரித்து நேராக நிறுத்துவது அச்சு. நெய்துகொண்டிருக்கும்போதே அவர் அதைக் கழற்றிவிடுவார். பிடி விட்டதும் இழைகள் வளைந்து, விலகி, தம் போக்கில் ஓடும். கட்டத்துக்குள்ளிருந்தே கட்டத்தை மீறுவது இது. சட்டத்தில் நெய்பவர்களுக்கு அச்சே கிடையாது என்பதால் இதைச் செய்வது சுலபம்: சில இடங்களில் ஊடையை இறுக்காமல் விட்டு, பாவை விரலால் ஒதுக்கிவிட்டால் போதும்.

“இது கைவினை, கலை இல்லை” என்று உங்களிடம் யாராவது கட்டாயம் சொல்வார்கள். என்னிடமும் சொன்னார்கள். 1966இல் சோழமண்டலம் கலைக்கிராமம் உருவானபோது அங்கிருந்த ஓவியர்கள் பாத்திக் (மெழுகு பூசிச் சாயமிடும்) துணி செய்து விற்ற காசில்தான் தங்கள் ஓவியங்களை வரைய முடிந்தது. பரோடாவில் படித்த மிருணாளினி முகர்ஜி சணல் கயிற்றை முடிச்சுப் போட்டே ஆளுயரச் சிற்பங்கள் செய்தார். நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 1949இலேயே ஆனி ஆல்பர்ஸுக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. பதில் சொல்லி நேரத்தைக் கழிக்காமல் அடுத்த துண்டைத் தொடங்குங்கள் என்பேன்.

பார்த்துக் கற்க இடம் கேட்டிருந்தீர்கள். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் காஞ்சிபுரம் நெசவாளர் வீட்டை அப்படியே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். தறி வீட்டுக்குள் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று அங்கே புரியும். அப்புறம் நேராகக் காஞ்சிபுரத்துக்கே போங்கள். காலையில் போனால் தறிச் சத்தம் கேட்கும் தெருவிலேயே யாராவது உள்ளே கூப்பிடுவார்கள். மிச்சம் விழுந்த நூலைக் கேட்டால் கொடுப்பார்கள், காசு கொடுத்தே வாங்குங்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள். தறியில் ஓடிக்கொண்டிருக்கும் புதுக் கரை வடிவத்தைப் படமெடுத்து இணையத்தில் மட்டும் போட்டுவிடாதீர்கள். வேறொருவர் அதைப் பார்த்து விசைத்தறியில் ஓட்டிவிட்டால், அந்தப் புடவை கடைக்குப் போகும் முன்பே அவர்கள் பிழைப்பு போய்விடும்.